வேதியியல் வகுப்பில் மின்னூட்டம்: தனியாகச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவை

அயனிப் பிணைப்பு, கரைசல்களின் மின்கடத்தல், மின்னாற்பகுத்தல் (மின்னோட்டம் செலுத்திப் பொருள்களைப் பிரித்தல்) ஆகிய மூன்று பாடங்களும் மின்னூட்டம் என்ற ஒரே கருத்தை நம்பி நிற்கின்றன. ஆனால் வேதியியல் பாடநூல் அந்தக் கருத்தை இயற்பியல் ஆசிரியர் ஏற்கெனவே நடத்தி முடித்திருப்பார் என்று எடுத்துக்கொள்கிறது. மாணவர்களோ "ஒத்தவை விலக்கும், வேறுபட்டவை கவரும்" என்று ஒப்பிப்பார்களே தவிர, ஒன்றையொன்று விலக்கும் இரண்டு பொருள்களைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே வேதியியல் பிரிவேளைகளிலேயே மின்னூட்டத்தைச் செய்முறைகளின் வழியாகத் தொடக்கத்திலிருந்து நடத்துவது என்று முடிவு செய்தேன். ஆய்வக உதவியாளர் இல்லை. இதை முன்பு செய்து பார்த்தவர்கள் என்று கேட்க உடன் பணிபுரிந்தவர்களில் எவரும் இல்லை. கையில் இருந்த வழிகாட்டி நூல்களில் ஒவ்வொரு செய்முறையும் ஐந்தாறு வரிகளில் முடிந்துவிட்டது. எது எப்போது வேலை செய்யாது என்பது ஒன்றில்கூட இல்லை. அந்தப் பருவத்தின் விடுமுறை நாள்களில் பெரும்பகுதியும், என் சொந்தப் பணத்தில் ஒரு நல்ல பங்கும் இதில் கரைந்தன. இந்தப் பாடத்தைத் தனியாக எடுத்து நடத்தப்போகும் வேறொருவருக்கு அந்த நேரமாவது மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தொடக்கம் எல்லோரும் அறிந்த சீப்பும் காகிதத் துண்டுகளும்தான். முந்தைய வாரம் வீட்டில் அழகாக வேலை செய்த அதே சீப்பு, மழை பெய்து ஓய்ந்திருந்த நாளில் வகுப்பில் ஒரு காகிதத் துகளைக்கூட அசைக்கவில்லை. வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, மறுபடி மறுபடி தலையில் தேய்த்துக் கொண்டுபோய் நீட்டும்போது ஏற்படும் கூச்சத்தை அனுபவித்தவர்கள் அறிவார்கள். காரணம் பிறகுதான் விளங்கியது. ஈரமான காற்று மின்னூட்டத்தைக் கடத்திச் சென்றுவிடுகிறது என்று பலரும் சொல்வதுண்டு. உண்மையில் பொருளின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல் படியும் நீர்ப்படலமே, அதில் கரைந்திருக்கும் சிறிதளவு அயனிகளின் (மின்னூட்டமுள்ள அணுக்கள் அல்லது அணுக்கூட்டங்களின்) உதவியோடு, மின்னூட்டத்தைக் கைக்கும் மேசைக்கும் வழிய விட்டுவிடுகிறது. ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினால் நிலைமின் செய்முறைகள் எல்லாமே தள்ளாடத் தொடங்கும். ஆகவே ஒரு சிறிய ஈரப்பதமானியை ஆய்வகச் சுவரில் மாட்டிவையுங்கள். அதைப் பார்த்துவிட்டே அன்றைக்கு எந்தச் செய்முறை என்று முடிவெடுங்கள். வேறு வழியில்லாத நாளில், தேய்க்கப்போகும் பொருளையும் தேய்க்கும் துணியையும் ஹேர் டிரையரால் சில நிமிடங்கள் சூடாக்கி உலர்த்தினால் பெரும்பாலும் காரியம் ஆகிவிடும்.

சீப்பை விட்டுவிட்டு ஒட்டும் நாடாவுக்கு மாறியது இந்த முயற்சியில் கிடைத்த முதல் வெற்றி. செலவு இல்லை, ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுக்கலாம், ஓரளவு ஈரமான நாளிலும் வேலை செய்கிறது. மேசையின் மேல் ஒரு நாடாவை அடித்தளமாக நிலையாக ஒட்டிவிட வேண்டும். அதன் மேல் ஒரு சாண் நீள நாடாவை, பிடித்துக்கொள்ள நுனியை மடித்து, ஒட்டி விரலால் அழுத்தி, பிறகு சட்டென்று உரிக்க வேண்டும். இப்படி உரித்த இரண்டு நாடாக்களை எதிரெதிரே தொங்கவிட்டால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நிற்கும். அடுத்து, இரண்டு நாடாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தளத்தில் ஒட்டி, மேலுள்ளதில் "மே" என்றும் கீழுள்ளதில் "கீ" என்றும் பேனாவால் எழுதி, இரண்டையும் சேர்த்தே மெல்ல உரித்து, வழவழப்பான பக்கத்தை விரலால் நீவி மின்னூட்டத்தைப் போக்கிவிட்டு, பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைச் சட்டென்று பிரிக்க வேண்டும். இப்போது "மே" நாடாவும் "கீ" நாடாவும் தாவிச் சென்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு குழுக்களின் "மே" நாடாக்களோ ஒன்றையொன்று விலக்கும். மின்னூட்டத்தில் இரண்டு வகை மட்டுமே உண்டு என்று 1733இல் பிரெஞ்சு அறிவியலாளர் தூ ஃபே கண்டறிந்ததை மாணவர்கள் தங்கள் கையாலேயே கண்டறிந்துவிடுகிறார்கள். எது நேர், எது எதிர் என்பதை மட்டும் மனப்பாடமாகச் சொல்லிவிட வேண்டாம். நாடாவின் பசையைப் பொறுத்து அது மாறும். தலைமுடியில் தேய்த்த பலூன் எதிர் மின்னூட்டம் பெறும். அதை அருகில் கொண்டுவந்து, எந்த நாடா விலகுகிறதோ அதுவே எதிர் மின்னூட்டமுள்ளது என்று அன்றன்றைக்குச் சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் எதிர்பாராத சிக்கல் ஒன்று எழுந்தது. ஒரு மாணவி "மே" நாடாவின் அருகில் தன் விரலைக் கொண்டுபோனாள். நாடா விரலை நோக்கி வந்தது. "கீ" நாடாவும் விரலை நோக்கி வந்தது. அப்படியானால் விரலில் இரண்டு மின்னூட்டமும் இருக்கின்றனவா என்று கேட்டாள். வழிகாட்டி நூல் எதிலும் இந்தக் கேள்வி இல்லை. ஆனால் இந்தப் பாடத்தின் உயிர்நாடியே அதுதான் என்பது என் கருத்து. மின்னூட்டமுள்ள பொருளை நடுநிலையான பொருளின் அருகில் கொண்டுசென்றால், அந்த நடுநிலைப் பொருளுக்குள் இருக்கும் மின்னூட்டங்கள் சற்றே இடம் பெயர்கின்றன. வேறுபட்டவை அருகிலும் ஒத்தவை தொலைவிலும் அமைவதால், கவர்ச்சி விலக்கத்தைவிடச் சற்று மேலோங்குகிறது. ஆகவே கவர்ச்சியைக் கொண்டு எதையும் உறுதி செய்ய முடியாது. விலக்கம் ஒன்றுதான் இரண்டு பொருள்களும் மின்னூட்டம் பெற்றுள்ளன என்பதற்கான சான்று. காகிதத் துண்டுகளைச் சீப்பு இழுப்பது காகிதத்தில் மின்னூட்டம் இருக்கிறது என்பதைக் காட்டவில்லை. இதைத் தெளிவாக்காமல் அடுத்த செய்முறைக்குச் செல்லாதீர்கள். மற்றவற்றைச் சுருக்கிக்கொண்டாலும் இதற்கு ஒரு முழுப் பிரிவேளை தாராளமாகக் கொடுங்கள்.

மின்னூட்டம் இருப்பதை மெல்லிய இலை விரிவதன் மூலம் காட்டும் கருவியான நிலைமின்காட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்க இலை நிலைமின்காட்டி ஒன்றைச் சொந்தப் பணத்தில் வாங்கினேன். அந்த இலை அவ்வளவு மெல்லியது என்பதை யாரும் எச்சரிக்கவில்லை. மின்னூட்டம் சற்று மிகுதியான ஒரு தண்டு தொட்டவுடன் இலை வேகமாக விரிந்து கிழிந்துபோனது. முதல் வகுப்போடு அந்தப் பணம் போயிற்று. அந்த வருத்தம் பல நாள் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு கண்ணாடிப் புட்டி, பிளாஸ்டிக் மூடி, மூடியின் வழியே நுழைத்த செப்புக் கம்பி, அதன் கீழ்க் கொக்கியில் தொங்கும் இரண்டு மெல்லிய அலுமினியத் தாள் கீற்றுகள் ஆகியவற்றைக் கொண்டு மாணவர்களே செய்த கருவி, நான் வாங்கியதைவிட நீண்ட காலம் உழைத்தது. கீற்றுகளை நகத்தால் நீவி மடிப்பில்லாமல் தட்டையாக்குவதும், புட்டிக்குள் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் போதும்.

நீர்த்தாரை வளையும் செய்முறையை நான் இப்போது இந்தப் பாடத்திலிருந்து நீக்கிவிட்டேன். குழாயிலிருந்து மெல்லிதாக விழும் தண்ணீரின் அருகில் தேய்த்த பலூனைக் கொண்டுசென்றால் தாரை அழகாக வளையும்; மாணவர்கள் மகிழ்வார்கள். நீர் மூலக்கூறுகள் முனைவுத்தன்மை கொண்டவை (ஒரு பக்கம் சற்றே நேர், மறுபக்கம் சற்றே எதிர்) என்பதால் அவை திரும்பிக்கொள்வதே காரணம் என்று பல நூல்கள் எழுதுகின்றன. மூலக்கூறு திரும்பிக்கொள்வதால் மட்டும் அவ்வளவு பெரிய விசை கிடைக்காது. பலூனின் தாக்கத்தால் குழாயிலிருந்து பிரியும் நீரிலேயே பலூனில் உள்ளதற்கு மாறான வகை மின்னூட்டம் மிகுதியாகத் தங்கிவிடுவதுதான் வளைவுக்கு முதன்மையான காரணம். இதை விளக்க மின்தூண்டல் முழுவதையும் விளக்க வேண்டியிருக்கும். கண்ணைக் கவர்ந்தாலும் தவறான காரணத்தை மனத்தில் பதிய வைக்கும் செய்முறை நமக்கு வேண்டியதில்லை.

அடுத்து கரைசல்களுக்கு வந்தோம். 9 வோல்ட் மின்கலம், ஒரு எல்.இ.டி., 330 ஓம் மின்தடை, பென்சிலில் இருந்து எடுத்த இரண்டு கிராஃபைட் குச்சிகள் ஆகியவை போதும். வீட்டு மின்இணைப்பையும் பல்பையும் வைத்துச் செய்யும் பழைய முறையை எந்த நிலையிலும் கையாளாதீர்கள். ஈரக் கையும் அந்த மின்னழுத்தமும் உயிருக்கு ஆபத்து. சர்க்கரைக் கரைசலில் ஒளி இல்லை, உப்புக் கரைசலில் நல்ல ஒளி, வினிகரில் மங்கிய ஒளி என்ற வரிசை மாணவர்களுக்கு உடனே பிடித்துவிடும். உலர்ந்த உப்புப் படிகத்தில் அயனிகள் இருந்தும் ஒளி வராதது, அயனிகள் இருப்பது போதாது, அவை நகர வேண்டும் என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடும். ஆனால் காய்ச்சி வடித்த நீரில் எல்.இ.டி. மங்கலாக எரிந்து என்னைப் பல மாலைகள் அலைக்கழித்தது. மின்சுற்றைப் பிரித்துப் பிரித்துச் சோதித்தேன். குறை அங்கே இல்லை. ஒரு கரைசலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது குச்சிகளில் ஒட்டி வரும் உப்பே போதுமான அயனிகளைத் தந்துவிடுகிறது. தூய நீரை முதலில் சோதியுங்கள். அடர்த்தியான கரைசலைக் கடைசியில் சோதியுங்கள். இடையில் ஒவ்வொரு முறையும் குச்சிகளைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவுங்கள்.

இங்கே இன்னொரு தவறான எண்ணமும் முளைக்கும். அயனிகள் இருப்பதால் உப்புக் கரைசல் முழுவதுமே மின்னூட்டம் பெற்றது என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சொல்லால் மறுப்பதைவிட, முன்பு செய்த நாடாக்களையே மீண்டும் எடுத்து உப்புக் கரைசல் உள்ள பீக்கரின் அருகில் கொண்டுசெல்லச் சொல்வது நல்லது. "மே", "கீ" இரண்டும் பீக்கரை நோக்கியே சாயும், எதுவும் விலகாது. விரலுக்கு நடந்ததே கரைசலுக்கும் நடக்கிறது, ஆகவே கரைசல் நடுநிலையானது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பீக்கரின் வெளிப்புறத்தை முன்கூட்டியே, அழுத்தாமல் மெல்லத் துடைத்துவிடுங்கள். கண்ணாடியைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் அதுவே மின்னூட்டம் பெற்று முடிவைக் குழப்பும்.

அயனிகள் நகர்வதைக் கண்ணால் காட்ட, கண்ணாடித் தகட்டின் மேல் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் நனைத்த வடிதாளை விரித்து, நடுவில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகம் ஒன்றை வைத்து, இரு முனைகளிலும் கிளிப் மாட்டி, 20 வோல்ட் அளவில் நேர்மின்னோட்டம் கொடுக்க வேண்டும். ஊதா நிறம் நேர்மின்வாயை (நேர்முனையோடு இணைத்த கிளிப்பை) நோக்கி நகரும். இதில் யாரும் சொல்லாதது வேகம். மின்வாய்களுக்கு இடையே ஐந்து சென்டிமீட்டர் இருந்தால், நிமிடத்திற்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் நிறம் நகரும். மின்சாரம் என்றாலே கண்ணிமைக்கும் நேரம் என்று நினைத்திருக்கும் மாணவர்கள் சில நிமிடங்களில் சலித்துவிடுவார்கள். பிரிவேளை தொடங்கியவுடன் இணைப்பைக் கொடுத்துவிட்டு, வேறு வேலையைச் செய்துவிட்டு, இறுதியில் வந்து பாருங்கள். மின்னோட்டம் கொடுக்காத இன்னொரு வடிதாளிலும் ஒரு படிகத்தை வைத்து அருகிலேயே வைத்திருங்கள். நிறம் தானாகவே எல்லாப் பக்கமும் பரவும் என்பதால், அந்த ஒப்பீடு இல்லாமல் காணும் நகர்வு எதையும் நிறுவாது. படிகத்தைக் கையால் தொட வேண்டாம். கறை பல நாள் போகாது.

இந்த வரிசையில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது சோடியம் சல்பேட் செய்முறை. யு வடிவக் குழாயில் சோடியம் சல்பேட் கரைசலை ஊற்றி, அமிலத்தில் மஞ்சளாகவும் காரத்தில் நீலமாகவும் நடுநிலையில் பச்சையாகவும் தெரியும் புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டியைச் சில துளிகள் சேர்த்து, கரைசல் பச்சையாக இருக்கும்படி சரிசெய்ய வேண்டும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடால் நீர் சற்றே அமிலமாகி மஞ்சளாக இருந்தால், மிக நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி போதும். மின்னோட்டம் பாய்ந்த சில நிமிடங்களில் எதிர்மின்வாயைச் சுற்றி நீலமும், நேர்மின்வாயைச் சுற்றி மஞ்சளும் மேகம்போல் இறங்கத் தொடங்கும். நடுவில் பச்சை அப்படியே நிற்கும். ஒருபுறம் ஹைட்ராக்சைடு அயனிகளும் மறுபுறம் ஹைட்ரஜன் அயனிகளும் உருவாவதே காரணம். பிறகு இணைப்பைத் துண்டித்து, குழாயில் உள்ளதை ஒரு பீக்கரில் ஊற்றிக் கலக்கச் சொன்னேன். நீலமும் மஞ்சளும் மறைந்து கரைசல் மீண்டும் பச்சையானது. ஒரு மின்வாய் எவ்வளவு எலக்ட்ரான்களைக் கொடுத்ததோ அவ்வளவையே மற்றது எடுத்துக்கொண்டது என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் வகுப்பில் காட்டியதில்லை. சோடியம் சல்பேட்டுக்குப் பதிலாகச் சாதாரண உப்பைப் பயன்படுத்தினால் நேர்மின்வாயில் குளோரின் வாயு வரும். அது நச்சு; நிறங்காட்டியையும் வெளுத்துவிடும். காற்றோட்டம் இல்லாத அறையில் அதைச் செய்யவே கூடாது.

நேரத்தை மிக அதிகமாக விழுங்கியது செம்பை எடைபோடும் செய்முறை. காப்பர் சல்பேட் கரைசலில் இரண்டு செப்புத் தகடுகள். மின்னோட்டத்தால் எதிர்மின்வாயின் எடை கூட வேண்டும், அவ்வளவுதான். நூல் சொன்னபடி 0.1 ஆம்பியரில் அரை மணி நேரம் ஓட்டினோம். தராசு எந்த மாற்றத்தையும் காட்டவில்லை. மறுபடி செய்தோம், அதே முடிவு. மாணவர்கள் முகத்தில் தெரிந்த ஏமாற்றம் என்னை வாட்டியது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 0.1 ஆம்பியர் 1800 வினாடி பாய்ந்தால் 180 கூலும் (மின்னூட்டத்தின் அலகு). ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,485 கூலும். ஒரு செப்பு அயனிக்கு இரண்டு எலக்ட்ரான்கள் வேண்டும். ஆகவே படியும் செம்பு வெறும் 0.06 கிராம். எங்கள் தராசு 0.1 கிராமுக்குக் கீழே காட்டாதது. எந்தச் செய்முறையையும் தொடங்குவதற்கு முன் எதிர்பார்க்கும் விடை எவ்வளவு என்று கணக்கிட்டு, கருவியால் அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொள்வது அன்று முதல் என் வழக்கமாயிற்று. இப்போது 0.01 கிராம் காட்டும் தராசும், ஐந்து சென்டிமீட்டர் சதுரத் தகடுகளும், 0.3 ஆம்பியரும் பயன்படுத்துகிறோம். அரை மணியில் 0.18 கிராம் படிய வேண்டும், ஏறத்தாழ அதுவே வருகிறது. மின்னோட்டத்தை இதற்கு மேல் கூட்டினால் செம்பு பொடியாகப் படிந்து உதிர்ந்துவிடும். தகடுகளை முன்கூட்டியே உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். முடிந்த பிறகு காய்ச்சி வடித்த நீரில் மெல்ல முக்கி எடுத்து, துடைக்காமல் உலரவிட்டு எடைபோடுங்கள்.

அந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்ட நாளில், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "சார், டேப்பில் இருந்த மின்னூட்டமும் இந்த அயனியில் இருக்கிற மின்னூட்டமும் ஒன்றுதானா?" என்று கேட்டான். அதுவரை நடத்திய அனைத்தும் இந்தக் கேள்விக்கான தயாரிப்பாகவே எனக்குத் தோன்றியது. ஒன்றுதான், ஆனால் அளவில் பெரும் வேறுபாடு உண்டு. ஒரு நாடாவில் தங்கும் மின்னூட்டம் ஒரு கூலுமில் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்ற அளவை ஒட்டியது. எலக்ட்ரான்களாகச் சொன்னால் ஏறத்தாழ ஆறாயிரம் கோடி. கேட்கப் பெரிதாக இருந்தாலும், 0.3 ஆம்பியர் ஓடும் நம் செப்புக் கலத்தில் அதைப்போல் மூன்று கோடி மடங்கு ஒவ்வொரு வினாடியும் கடந்துசெல்கிறது. நாடாவின் மின்னூட்டம் முழுவதையும் செம்பாக மாற்றினாலும் எந்தத் தராசாலும் அதை எடைபோட முடியாது. நாடாவில் மின்னூட்டம் குறைவு, மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட். கலத்தில் மின்னூட்டம் ஏராளம், மின்னழுத்தம் சில வோல்ட்டுக்குள். இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்று மாணவர்கள் நினைப்பதற்கு இதுவே காரணம்.

இரண்டும் ஒன்றே என்பதற்கான சான்றையும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஃபாரடே 1830களில் மின்னாற்பகுத்தலை அளந்து, படியும் பொருளின் அளவு கடந்துசென்ற மின்னூட்டத்தைப் பொறுத்தது என்று நிறுவினார். எலக்ட்ரான் என்ற பெயரை 1891இல் ஸ்டோனி முன்மொழிந்தார். 1897இல் தாம்சன் அந்தத் துகளை அடையாளம் காட்டினார். 1909 முதல் மில்லிகன் நுண்ணிய எண்ணெய்த் துளிகளின் மின்னூட்டத்தை அளந்தார். அந்தத் துளிகள் தெளிப்பானிலிருந்து வெளிவரும்போது உராய்வால்தான் மின்னூட்டம் பெற்றன. அதாவது நம் நாடா உரிக்கும்போது பெறுவதைப் போன்ற நிலைமின்னூட்டமே அது. அங்கே கிடைத்த மிகச் சிறிய அலகின் இன்றைய மதிப்பு 1.6022 × 10⁻¹⁹ கூலும். கரைசலில் கிடைத்த 96,485ஐ இதனால் வகுத்தால் 6.022 × 10²³ வருகிறது. ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கை, அவகாட்ரோ எண் என்று வேதியியல் பாடத்தின் முதல் பக்கங்களிலேயே அவர்கள் படித்த எண். கணிப்பானில் அந்த வகுத்தலை மாணவர்களையே செய்யச் சொல்லுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இவற்றை எல்லாம் ஒரே வாரத்தில் அடைக்க முயலாதீர்கள். நாடா, விலக்கச் சோதனை, நிலைமின்காட்டி ஆகியவற்றை வறண்ட பருவத்தில் வையுங்கள். கரைசல் செய்முறைகளுக்கு ஈரப்பதம் ஒரு பொருட்டில்லை என்பதால் அவற்றை மழைக்காலத்துக்கு ஒதுக்கலாம். எந்த அறையில் வகுப்பு நடக்குமோ அந்த அறையிலேயே, அதே பொருள்களைக் கொண்டு முந்தைய நாள் ஒருமுறை முழுவதும் செய்து பாருங்கள்; வீட்டில் வேலை செய்தது அங்கே வேலை செய்யும் என்பதற்கு உறுதி இல்லை. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் காப்பர் சல்பேட்டைத் தொட விடாதீர்கள். மீதமான கரைசலை வடிகாலில் ஊற்ற வேண்டாம். நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. மூடியுள்ள புட்டியில் பெயர் எழுதிச் சேர்த்து வைத்தால் அடுத்த வகுப்புக்கு அதே கரைசல் மீண்டும் உதவும். செப்புத் தகடுகளைப் பயன்படுத்தும் செய்முறையில் நேர்மின்வாயிலிருந்து கரைவதும் எதிர்மின்வாயில் படிவதும் சமமாக இருப்பதால் அதன் அடர்த்தி பெரிதாக மாறியிருக்காது.